ஓக் மரம் பூத்த திங்கள்

அத்தியாயம் 9

அந்த வாரம் மெம்ஃபிஸின் தெற்குப் பக்கத்தில் யாரும் சாதாரணமாக நடக்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் காலால் தாளம் போட்டபடி நின்றார்கள். தபால் போடும் பெண் ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் ஒரு வரி பாடிவிட்டுத்தான் நகர்ந்தாள். முடிதிருத்தும் கடையில் பாதிச் சவரத்தோடு ஒருவர் எழுந்து நின்று, டுவால் சகோதரிகளில் மூத்தவள் ரூபியின் குரல்தான் குரல், நடுவில் பிறந்த பேர்ல் வெறும் அலங்காரம் என்று வாதாடினார். கடைக்காரர் பேர்ல் கட்சி. மீதிச் சவரம் மத்தியானம் வரை நடக்கவில்லை என்று கேள்வி.

டுவால் சகோதரிகள் மூன்று பேரும் இந்தத் தெருக்களில் பிறந்து, இங்குள்ள கிறிஸ்தவ சபைகளில் பாடி, பிறகு இசைத்தட்டுகளில் ஏறி உலகம் சுற்றியவர்கள். அவர்கள் கதையை ஒரு கம்பெனி பாட்டும் ஆட்டமுமாக நாடகமாக்கி, ஊர் ஊராகக் கொண்டுபோகிறது. எங்கெங்கோ பனியிலும் மலையிலும் சுற்றிவிட்டு, கடைசியில் சொந்த ஊருக்கு வருகிறது. நாளை செவ்வாய்க்கிழமை இரவு ஆற்றுப் பக்கத்துப் பெரிய அரங்கில் முதல் காட்சி.

வானொலிக்காரர்கள் காலையிலிருந்து வேறு பாட்டே போடவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் அதே பாட்டு கைமாறியது. ஒரு வீட்டில் பல்லவி கேட்டவன், நாலு வீடு தாண்டிப் போகையில் சரணத்தைக் கேட்டுவிடலாம். ஊரே கண்ணைத் திறந்துகொண்டு கனவு கண்டது என்றால் மிகையில்லை.

இந்தக் கனவில் எல்லாரையும்விட ஆழமாக மூழ்கியிருந்தது பெனியேல் சபைப் பெண்கள். அவர்களை மூழ்கடித்த புண்ணியவதி நம் வெர்லீன் டாலிவர்.

போன வாரம் அவளை எங்கே விட்டோம் என்று நினைவிருக்கும். வெர்லீனின் ஒரே மகள் கெசியா அந்த நாடகக் கம்பெனியில் இருக்கிறாள். "என் மக ரூபியோட பாட்டு எல்லாத்தையும் கத்துக்கிட்டிருக்கா" என்று வெர்லீன் சபையில் சொன்னாள். சொன்னது பொய்யல்ல. ஆனால் பெனியேல் சபையில் ஒரு தனிப்பாட்டைக் கற்றவள் அதைப் பாடியே தீருவாள். கற்றுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் வழக்கம் அங்கே எந்தக் காலத்திலும் கிடையாது. ஆகவே கெசியாதான் ரூபி என்று சபை முடிவு கட்டிவிட்டது. வெர்லீனும் அப்படியே நினைத்தாள். காட்சிக்குப் போக இரண்டு பஸ் பேசினார்கள். கெசியாவின் முகத்தை அச்சடித்து, கீழே "எங்கள் ரூபி" என்று எழுதி, ஊதா நிறச் சட்டை தைத்துக்கொண்டார்கள்.

கம்பெனிக்கு ஒரு நாள் முந்தி நேற்று வீட்டுக்கு வந்த கெசியா, அந்தச் சட்டையைப் பார்த்ததும் படுக்கையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ரூபி இல்லை. ரூபிக்கு மாற்று. ரூபி வேஷம் போடும் பெண்ணுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மட்டும் மேடை ஏறுவாள். மற்ற நாளெல்லாம் கறுப்பு உடை போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். ஒரு வருஷச் சுற்றில் ரூபியாக அவள் ஒரு முறைகூட மேடை ஏறியதில்லை.

வெர்லீன் இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இரவெல்லாம் புரண்டு படுத்தாள். விடிந்து திங்கட்கிழமையும் ஆகிவிட்டது.

*

வெளியூரிலிருந்து வந்த பாடகர்களுக்கு ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு போடாவிட்டால் தெற்கு மெம்ஃபிஸில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. கெசியா காலையில் போய், ஊர் ஊராகத் தன்னோடு ஒரே ஓட்டல் அறையில் தங்கும் தோழியை அழைத்து வந்தாள். பெயர் ப்ரியெல். அரிசோனாக்காரி. நீளமான பின்னல்களும் சிரிக்கும் கண்களுமாக வாசலில் நின்ற அந்தப் பெண்தான் ரூபி வேஷம் போடுகிறவள்.

வெர்லீன் அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபோதே இந்தப் பெண் கொஞ்சம் கர்வக்காரியாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். அப்படி எதுவும் இல்லை. ப்ரியெல் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள், கீரை ஆய வந்தாள், அடுப்பில் வேகும் வான்கோழிக் கழுத்தின் வாசனையை மூக்கால் இழுத்துவிட்டு, இந்த வாசனைக்காகவே ஊர் மாறி வந்துவிடலாம் போலிருக்கிறது என்றாள். தன்னைப் பார்க்க வீட்டிலிருந்து யாரும் வரப்போவதில்லை, அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை என்று சாதாரணமாகச் சொன்னாள்.

"உங்க பொண்ணு குளிக்கும்போது பாடுறதக் கேட்டிருக்கீங்களா மிஸ் வெர்லீன்? எனக்குச் சில நாள் பயமா இருக்கும். என்னைவிட அவ நல்லாப் பாடுறா."

மேஜையில் சாலட்டுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்த கெசியா, "சும்மா இரு" என்றாள். தலை நிமிரவில்லை.

வெர்லீன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரண்டியை எடுத்துக் கீரையைக் கிண்டினாள்.

பின்கட்டில் அவள் கணவர் கார்னெல் புகையடுப்பின் முன் விலா எலும்புகளோடு பேசிக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். வண்டியில் யாரோடும் பேசக் கூடாது என்று இருந்த காலத்துக்கெல்லாம் சேர்த்து இப்போது இறைச்சியோடு பேசுகிறார் என்பது வெர்லீனின் கணிப்பு.

ப்ரியெல் முன்பக்க ஜன்னலோரம் போய் நின்றாள்.

டாலிவர் வீட்டு வாசலில் ஒரு பெரிய ஓக் மரம் இருக்கிறது. ஏப்ரல் மாசத்தில் அது பூக்கும். பூ என்று சொல்ல முடியாது, பச்சை நூல் நூலாகத் தொங்கும். அதிலிருந்து மஞ்சள் தூள் உதிரும். தெரு, கார், மரத்தடி ஊஞ்சல், தபால் பெட்டி, நாயின் முதுகு எல்லாம் மஞ்சளாகும். அன்று காற்று கொஞ்சம் இருந்தது. வெயில் கிளைகளுக்குள் புகுந்து வந்த இடமெல்லாம் தூள் மின்னிக்கொண்டு இறங்கியது. ஊரெல்லாம் அதே பாட்டு மிதந்துகொண்டிருக்க, அந்தத் தூள் தாளம் தப்பாமல் இறங்குவது போலத் தெரிந்தது.

"மிஸ் வெர்லீன், உங்க தெருவுல தங்கமா கொட்டுது."

"தங்கமில்ல கண்ணு. ஓக் மரம் பூத்திருக்கு."

"நான் கொஞ்ச நேரம் அந்த ஊஞ்சல்ல உக்காந்துக்கட்டுமா? எங்க ஊருல கள்ளிச்செடிதான். மரத்தடியில உக்காந்து பாடினதே கெடையாது."

இங்கேதான் வெர்லீன் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். மெம்ஃபிஸில் பாடுகிற யாரும் ஏப்ரல் மாசத்தில் ஓக் மரத்தடியில் உட்கார மாட்டார்கள். பெனியேல் சபைப் பாடகர்கள் ஈஸ்டர் முடியும் வரை வாயில் துணி கட்டிக்கொண்டுதான் பயிற்சிக்கு வருவார்கள். கோயில் ஜன்னலைத் திறந்தவனைப் பாடகர் தலைவி கொன்றே போடுவாள். அந்தத் தூளை நாலு மூச்சு வாய் திறந்து இழுத்தால் போதும், தொண்டை அடைத்துவிடும். இங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். கள்ளிச்செடி ஊரில் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்?

வெர்லீன் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வந்தது வேறு.

"உக்காரு கண்ணு. சாப்பாடு ஆகக் கொஞ்ச நேரமாகும்."

கதவு திறந்து மூடியது. ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டது.

நான் அந்த மரத்தை உலுக்கவில்லை, வெர்லீன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்டாள், உட்காரச் சொன்னேன், அவ்வளவுதான்.

கெசியா முட்டையை வைத்துவிட்டு எழுந்தாள். சமையலறை ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். தூள் சாலட்டில் விழும் என்றாள். மறுபடி வந்து உட்கார்ந்து அடுத்த முட்டையை எடுத்தாள்.

வெளியே ப்ரியெல் பாடத் தொடங்கினாள்.

ரூபி டுவாலின் பெரிய பாட்டு அது. வீட்டை விட்டுப் போகிறவள், படியிறங்கும்போது பாடுவது. முதலில் சும்மா தொண்டையைச் சரிசெய்கிறவள் போல மெல்லத்தான் பாடினாள். சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் குரல் வந்தது. எதிர் வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்த எந்திரம் நின்றது. தெருவில் போன கார் ஒன்று வேகம் குறைந்து, பிறகு நின்றேவிட்டது. தபால்காரப் பெண் கையில் கடிதத்தோடு வேலியில் சாய்ந்தாள். பின்கட்டிலிருந்து கார்னெல் இடுக்கியும் கையுமாக நடந்து வந்து கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார். இறைச்சியைக்கூட மறந்துவிட்டார்.

வெர்லீன் கீரையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் அங்கே இல்லை.

அவள் ஆற்றங்கரை அரங்கில் இருந்தாள். விளக்குகள் அணைகின்றன. மேடையில் உயரமான படிக்கட்டு. அதன் உச்சியில் தங்க நிற அங்கியில் ஒருத்தி நிற்கிறாள். வெளிச்சம் காலிலிருந்து மேலே ஏறுகிறது. முகத்துக்கு வந்ததும் அது கெசியா. ஏழு வயதில் அம்மாவின் பாடகர் அங்கிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாடிய கெசியா. இரண்டு பஸ் நிறைய ஊதாச் சட்டைகள் ஒரே மூச்சில் எழுந்து நிற்கின்றன. சபைப் பெண் யூலா பெட்டிகுரு தன் தொப்பியைக் கழற்றி வீசுகிறாள். கெசியா இறங்கி வருகிறாள், ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி. வெர்லீன் கைதட்டக்கூட மறந்து உட்கார்ந்திருக்கிறாள்.

எவ்வளவு நேரம் அங்கே இருந்தாளோ தெரியாது. பாட்டு உச்சிக்கு ஏறிய இடத்தில் ஒரு இழை அறுந்தது. அவளை மறுபடி அடுப்பங்கரையில் கொண்டுவந்து போட்டது ஒரு இருமல்.

பிறகு இன்னொரு இருமல். எதிர் வீட்டுப் புல் எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

*

ப்ரியெல் உள்ளே வந்தபோது பின்னல்களில் மஞ்சள் படிந்திருந்தது. கண்ணோரம் சிவந்திருந்தது. சிரித்துக்கொண்டுதான் வந்தாள். தெருவில் ஒரு அம்மா அழுதுவிட்டாள் என்று சந்தோஷமாகச் சொன்னாள். குரலில் ஒரு கரகரப்பு ஏறியிருந்தது. தூசி போலிருக்கிறது, தண்ணீர் குடித்தால் போய்விடும் என்றாள். கெசியா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். டாலிவர் வீட்டில் விருந்தாளியானாலும் ஒரு வேத வசனம் சொல்லாமல் கரண்டியைத் தொட முடியாது. கார்னெல் தன் வழக்கமான வசனத்தைச் சொன்னார். பசிக்கிற நாளில் அவர் சொல்வது எப்போதும் குட்டியாகத்தான் இருக்கும். கெசியா சொன்னாள். ப்ரியெல் முறை வந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். பாதி வசனத்தில் குரல் இறங்கியது. அடுத்த சொல்லுக்கு உதடு மட்டும் அசைந்தது. கண்ணைத் திறந்தாள். கையைத் தொண்டையில் வைத்தாள்.

"என்னம்மா, மிச்ச வசனத்த முழுங்கிட்டியா?" என்றார் கார்னெல். விளையாட்டாகத்தான் கேட்டார்.

ப்ரியெல் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. அவள் முகத்தில் பயம் வந்ததை வெர்லீன் நேருக்கு நேர் பார்த்தாள். பெரிய பாடகியின் பயம் இல்லை. ஊர் தெரியாத இடத்தில் அம்மா கையை விட்டுவிட்ட குழந்தைக்கு வருமே, அந்தப் பயம்.

அடுத்து வெர்லீனின் முறை. முப்பது வருஷமாக அவள் சொல்லும் ஒரே வசனம் உண்டு, பக்கத்தில் இருப்பவனை நேசிப்பதைப் பற்றி. அது நெஞ்சை விட்டு எழும்பவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"பேசாதே" என்றாள். "ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரகசியமாக்கூடப் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதி. எழுந்து வா."

அதன் பிறகு வெர்லீனைப் பிடிக்க ஆள் இல்லை. ப்ரியெலைக் குளியலறைக்கு இழுத்துப் போனாள். மஞ்சள் படிந்த உடையைக் கழற்றி வாசலுக்கு வெளியே வீசினாள். பின்னல்களை ஒவ்வொன்றாக ஈரத் துணியால் துடைத்தாள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மூக்கையும் தொண்டையையும் அலசச் சொன்னாள். கொதிக்கும் பாத்திரத்தின் மேல் தலையைக் குனியவைத்துத் துண்டால் மூடினாள். முப்பது ஈஸ்டர்களில் முப்பது தொண்டைகளைக் காப்பாற்றிய கை அது. வீட்டில் இருந்த ஜன்னலையெல்லாம் கார்னெல் சாத்தினார். கெசியா எலுமிச்சை பிழிந்தாள், தேன் எடுத்தாள், கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். அம்மா முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கடைசியில் ப்ரியெலைக் கெசியாவின் பழைய கட்டிலில் படுக்கவைத்துப் போர்த்தினாள். ப்ரியெல் அவள் கையைப் பிடித்து, நன்றி என்று சொல்வதற்குப் பதில் அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வெர்லீனுக்கு அந்தக் கையை அங்கேயே வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது. எதற்கு எனக்கு நன்றி என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

கூடத்துக்கு வந்தபோது கார்னெல் தணிந்த குரலில், "இந்த வீட்ல ஒரு பொம்பளை பேசாம இருக்கிறத இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். வெர்லீன் சிரிக்காததைப் பார்த்து அருகில் வந்தார். "என்ன ஆச்சு?"

"சபைக்குப் போகணும்" என்றாள் வெர்லீன். "இன்னிக்கு ஜெபக் கூட்டம் நான் நடத்தணும்."

*

திங்கள் சாயங்கால ஜெபக் கூட்டத்துக்கு வழக்கமாக எட்டுப் பேர் வந்தால் பெரிய விஷயம். அன்று உட்கார இடமில்லை. எல்லாரும் ஊதாச் சட்டையில் வந்திருந்தார்கள். நாளைக்குப் போட வேண்டியதை இன்றே போட்டுப் பார்க்கும் ஆசை யாரை விட்டது? எந்த வரிசையைப் பார்த்தாலும் கெசியாவின் முகம் சிரித்தது. இன்னும் சூரியன் போகவில்லை. நிறக்கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தில் பெண்கள் மெல்ல ஆடிக்கொண்டு டுவால் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார்கள். ஜெபக் கூட்டத்தில் அந்தப் பாட்டு கூடாது என்று சொல்ல வேண்டிய போதகரும் பின்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கெசியா உள்ளே வந்ததும் கைதட்டல் எழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு முன்வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜெபத்துக்கு முன் ஒருவர் எழுந்து தன் வாழ்வில் நடந்ததைச் சாட்சியாகச் சொல்வது பெனியேல் வழக்கம். வெர்லீன் எழுந்தாள். முதலில் பஸ்ஸையும் சட்டையையும் பற்றிய உண்மையைச் சொன்னாள். கெசியா ரூபி இல்லை, ரூபிக்கு மாற்று. அந்தப் பெண்ணுக்கு முடியாமல் போனால்தான் இவள் வருவாள். இந்தத் தப்பு என் வாயால் வந்தது, என் மகள் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை என்றாள்.

முணுமுணுப்பு நின்றது. பெண்கள் குனிந்து தங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சுதாரித்துக்கொண்டது யூலா பெட்டிகுரு. சபை விருந்துப் பந்திக்குத் தலைவி, பெரிய தொப்பி போடுவதிலும் தலைவி, சபையில் எந்தச் சிக்கலுக்கும் குறுக்குவழி தெரிந்தவள்.

"அப்ப அந்தப் பொண்ணுக்கு லேசா ஒரு தொண்டைக்கட்டு வந்தா நம்ம கெசியா ஏறிடுவா, அதானே சிஸ்டர்?"

"யூலா."

"சாகச் சொல்லல சிஸ்டர். காய்ச்சல்கூட வேணாம். நாளைக்கு ஒரு நாள், சும்மா ஒரு கரகரப்பு. கர்த்தருக்கு அது எம்மாத்திரம்? எல்லாரும் சேர்ந்து கேட்டா குடுக்க மாட்டாரா?"

இரண்டு மூன்று பேர் ஆமென் என்றார்கள். ஒருத்தி சிரித்தாள். போதகர் தாளத்தை நிறுத்தினார்.

"கேக்க வேண்டிய அவசியம் இல்ல" என்றாள் வெர்லீன். "நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே நான் குடுத்துட்டேன்."

யாருக்கும் புரியவில்லை. வெர்லீன் பீடத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். குரல் உடையாமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள். அழாமல்தான் ஆரம்பித்தாள். பாதியில் அழுதுவிட்டாள்.

"மத்தியானம் அந்தப் பொண்ணு என் வீட்டு விருந்தாளியா வந்தா. நம்ம ஊர் மரத்த அவளுக்குத் தெரியாது. ஊஞ்சல்ல உக்காந்துக்கட்டுமான்னு என்னைக் கேட்டா. கேட்டா பாருங்க, அதான் எனக்குத் தாங்கல. நான் உக்காருன்னு சொன்னேன். அவ பாடினா. ஒவ்வொரு மூச்சும் அந்தத் தூளத்தான் இழுக்குதுன்னு எனக்குத் தெரியும். நான் கீரையக் கிண்டிக்கிட்டு என் மகளுக்குத் தங்க அங்கி மாட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன். இப்ப அவளுக்குக் குரல் இல்ல. அவளுக்குன்னு கைதட்ட இந்த ஊருல ஒருத்தரும் இல்ல. அவ பேரு ப்ரியெல். இன்னிக்கு நாம அவ தொண்டைக்கு ஜெபம் பண்ணப் போறோம். முடியாதவங்க எழுந்து போகலாம், நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

ஒருவரும் அசையவில்லை. ஏப்ரல் தூள் என்றால் என்ன என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்கத் தேவையில்லை. யூலா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். அவள் தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

"அந்தப் பேர இன்னொரு தடவை சொல்லுங்க சிஸ்டர்" என்றாள். "சரியாச் சொல்லி ஜெபம் பண்ணணும்."

"ப்ரியெல்."

"ப்ரியெல்" என்றாள் யூலா. பிறகு ஒவ்வொரு வரிசையாக அந்தப் பெயர் நகர்ந்தது. கெசியாவின் முகத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு, அவர்கள் வேறொரு பெண்ணின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். யாரோ அடிக்குரலில் ஒரு ராகத்தைப் பிடித்தார்கள், மற்றவர்கள் மேலே மேலே அடுக்கினார்கள். சொற்கள் இல்லை. அந்த ராகம் சாத்திய ஜன்னல்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. வெர்லீன் வந்து முன்வரிசையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் வெறுமையாக இருந்தது.

"என்னை மன்னிச்சுடு கெசியா" என்றாள் காதோரம். "உன் தோழிக்கு நான் இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. உன் முகத்துல கரியப் பூசிட்டேன்."

கெசியா மடியில் கோத்திருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"அம்மா."

"சொல்லு."

"நானும் இந்த ஊருலதான் பொறந்தேன்."

வெர்லீன் அவள் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கு ஜன்னலச் சாத்தினேன்னு நெனைக்கறே?" என்றாள் கெசியா. உதடு கோணியது. "சாலட்டுக்காகவா? என் தொண்டைக்காகம்மா. அவளக் கூப்பிட்டு உள்ள வாடின்னு சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லல. எழுந்து போய் என் ஜன்னல மட்டும் சாத்திக்கிட்டு வந்து உக்காந்தேன்."

சுற்றிலும் பெண்களின் ராகம் எழுந்து தணிந்தது. வெர்லீன் மகளின் கைகளைப் பிரித்துத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தோன்றவில்லை. அந்தச் சமையலறையில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே கனவைக் கண்டுகொண்டிருந்தது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. கெசியா அம்மாவின் தோளில் சாய்ந்து, சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுதது போலச் சத்தமில்லாமல் அழுதாள்.

"அவகிட்ட நான் சொல்லணும்மா. நானே சொல்லணும்."

"சொல்லலாம். நானும் கூட வர்றேன். அவளால திட்டக்கூட முடியாது பாவம், நாளை வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

கெசியா அழுகையினூடே சிரித்துவிட்டாள். அப்போதுதான் அவள் கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். நாடகக் கம்பெனியின் மேடை மேலாளர். நாளை யார் ரூபியின் தங்க அங்கியைப் போட வேண்டும் என்று சொல்கிற மனிதர்.

அது கெசியாவின் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. முதுகுக்குப் பின்னால் சபை முழுவதும் ப்ரியெல், ப்ரியெல் என்று கர்த்தரைக் கேட்டுக்கொண்டிருந்தது. வெர்லீன் அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

"எடு" என்றாள்.

கெசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியைக் காதில் வைத்தாள்.